உப்பில்லா உப்பு

"பேரிக்காயைத் தின்னுய்யா."

"இது பேரிக்காயா? பேரிக்காயோட பிணம். டப்பாவுல போட்டு அடக்கம் பண்ணி வச்சிருக்கான்."

"பிணமோ மணமோ, தின்னு. நாளைக்குக் காலைல மெஷின்ல உட்கார்ற வரைக்கும் நீ உசிரோட இருக்கணும். அதுக்கப்புறம் எக்கேடோ கெட்டுப் போ."

பக்கத்து வீட்டு லர்லினும் அவள் புருஷன் அல்சீட்டும் பேசிக்கொள்வது எப்போதுமே எங்கள் சமையலறை வரை கேட்கும். புயல் வந்து இரண்டு வீட்டு ஜன்னல்களையும் தூக்கிக்கொண்டு போன பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலவே கேட்டது. எனக்கு ஒரு வார்த்தை தப்பவில்லை.

அல்சீட் பாயூ என்கிற இந்தச் சதுப்புக் கால்வாய்க் கரையிலேயே இறால் படகு ஓட்டி நரைத்த மனுஷன். மூன்று வருடத்துக்கு முன் இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. அதிலிருந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ரத்தம் போய்வர, அவருடைய இடது கையில் இரண்டு ரத்தக் குழாயை ஒன்றாக்கித் தைத்திருந்தார்கள். தொட்டால் தேனீக்கூடு போல இரையும். அந்தக் கையால் சுமை தூக்கக் கூடாது, அதன்மேல் படுக்கக் கூடாது, யாரும் அதில் ஊசி போடக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. அல்சீட் அதற்குச் 'சின்ன வீடு' என்று பெயர் வைத்திருந்தார்.

"என்னைவிட அதைத்தான் பத்திரமா பாத்துக்கிறார்" என்பாள் லர்லின்.

"உன் சத்தம் நின்னா எனக்கு நிம்மதி. அது நின்னா நான் செத்தேன்" என்பார் அவர்.

எங்கள் ஊர் டயாலிசிஸ் நிலையத்தில் மோனெட் என்று ஒரு நர்ஸ். ஒவ்வொரு கோடையும் புயல் காலம் தொடங்குமுன் நோயாளிகளையும் வீட்டாரையும் உட்காரவைத்து வகுப்பு எடுப்பாள். லர்லினுக்குத் துணையாக நானும் ஒரு முறை போயிருந்தேன்.

"கரன்ட் போச்சுன்னா மெஷின் போச்சு. தண்ணிக் குழாய் போச்சுன்னாலும் மெஷின் போச்சு" என்றாள் மோனெட். "அப்போ உங்களைக் கொல்ல ரெண்டு பேர் வருவாங்க. ஒண்ணு, நீங்க குடிக்கிற தண்ணி. அது உடம்புலயே தங்கி நுரையீரலை முக்கும். ஆனா மூச்சு வாங்கும், கால் வீங்கும், சொல்லிட்டுத்தான் வரும். ரெண்டாவது பொட்டாசியம். வாழைப்பழத்துல, ஆரஞ்சுல, உருளைக்கிழங்குல, தக்காளில, பீன்ஸ்ல எல்லாம் இருக்கிற ஒரு உப்பு. அது ரத்தத்துல ஏறினா இதயத்தை அப்படியே நிறுத்தும். அநேகமா சொல்லாமத்தான் வரும்."

"என் மாமியார் மாதிரி" என்றார் அல்சீட்.

"உங்க மாமியார் பெட்டியோட வந்திருப்பாங்க, மிஸ்டர் அல்சீட். இது கையை வீசிக்கிட்டு வரும்."

அந்த வகுப்பின் பலன்தான் லர்லினின் நீலப் பெட்டி. மீனுக்கு ஐஸ் போடுகிற பெட்டியைத் தேய்த்துக் கழுவி, உப்பில்லாத பிஸ்கட், டப்பா பேரிக்காய், ஆப்பிள் கூழ், கொஞ்சம் ஜாம், தண்ணீர் அளக்க ஒரு சின்னக் குவளை எல்லாம் போட்டு, கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தாள். அல்சீட்டுக்கென்று டாக்டர் எழுதிக்கொடுத்த ஒரு பொடியும் அதில் இருந்தது. மெஷின் தள்ளிப்போகிற நாளில் பொட்டாசியத்தைக் குடலிலேயே பிடித்துவைக்கும் பொடி. எப்போது, எவ்வளவு என்று மோனெட் அவள் வாயாலேயே திருப்பிச் சொல்லவைத்திருந்தாள்.

புயலுக்கு முந்தின நாளே மோனெட் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு சுற்று டயாலிசிஸ் முடித்து அனுப்பினாள். அதற்கப்புறம் புயல் வந்து நிலையத்துக் கூரையைக் கரும்புத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தது. சாலை முழுக்க மின்கம்பங்கள். அவற்றை வெட்டி ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி விட்டது அன்று காலையில்தான். வடக்கே, ஜெனரேட்டர் ஓடுகிற வேறொரு நிலையத்தில் மறுநாள் காலை அல்சீட்டுக்கு இடம். அதுவரை பேரிக்காய்.

தாங்கியிருப்பார். ஆனால் அன்றைக்குத்தான் தெருவில் ஃபிரீசர் விருந்து.

கரன்ட் போனால் ஃபிரீசரில் இருப்பதெல்லாம் உருகும். உருகுவதை யார் விடுவார்கள்? அவரவர் வீட்டு இறால், நண்டு, மான்கறி, வாத்து எல்லாம் எங்கள் தெரு நோலன் வீட்டுக் கார் கொட்டகைக்கு வந்துவிடும். நான்கைந்து காஸ் அடுப்பு. பானைகள் ஒரு ஆளை உள்ளே உட்காரவைக்கிற அளவு. கூரை இல்லாத வீட்டுக்காரன்கூட அன்றைக்கு ராஜா மாதிரி தின்பான். அந்த விருந்துக்கு ஒரே ஒரு விதிதான். யார் சமைத்ததையும் குறை சொல்லக் கூடாது. பாதி உருகின கறி, கிணறு போல நாறுகிற பாட்டில் தண்ணீர், அழுதுகொண்டே கிளறுகிறவர்கள். என்ன குறை சொல்வது?

அல்சீட் வாசலில் வந்து நின்று மூக்கை உயர்த்தினார்.

"அது அக்காவோட கம்போ."

"உள்ள போ" என்றாள் லர்லின்.

"மோந்து பாக்கக் கூடவா பொட்டாசியம்?"

அக்கா என்றால் ஒக்டாவி. அல்சீட்டுக்கு நான்கு வயது மூத்தவர், விதவை. மாவை எண்ணெயில் சாக்லேட் நிறம் வரும்வரை வறுத்து, வெண்டைக்காயும் இறாலும் நண்டும் போட்டு அவர் கொதிக்கவைக்கிற கம்போ குழம்புக்கு ஊரில் பாதிப் பேர் அடிமை. மீதிப் பேர் அல்சீட். "அக்கா கம்போவுல கடலே இருக்கும், உப்பையும் சேர்த்து" என்று சிறுநீரகம் நன்றாக இருந்த காலத்திலேயே சொன்னவர். மூன்று வருடமாக அவர் அக்கா வீட்டில் கை நனைக்கவில்லை. அது ஒக்டாவிக்குப் பெரிய புண்.

அந்த ஒக்டாவி இப்போது ஒரு சின்னப் பானையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். முகத்தில் முதல் நற்கருணை வாங்கப் போகிற குழந்தையின் பொலிவு.

"இது என் தம்பிக்குன்னே தனியா வச்சது. லர்லின், நீ ஒண்ணும் சொல்லக் கூடாது."

"மதினி, அவருக்கு வேணாம் மதினி. நாளைக்கு மெஷின் முடிச்சதும் கொண்டு வாங்க."

"நீ கேளு. எது வேணா கேளு."

"உப்பு?"

"ஒரு கல்லு போடலை. சீக்கிர உதவி மாதா மேல சத்தியம்."

"அந்த மாதா சீக்கிரமாத்தான் வருவா" என்றார் அல்சீட். "கரன்ட் கம்பெனிக்காரனுக்குத்தான் வழி தெரியலை."

"நீ சும்மா இருய்யா. தக்காளி போட்டீங்களா மதினி?"

"போடலை."

"வெண்டைக்காய்?"

"அதுவும் போடலை. வெண்டைக்காய் இல்லாத கம்போ! எங்கம்மா குழிக்குள்ள புரண்டு படுத்திருப்பா."

"கடைல விக்கிற மசாலாத் தூள்?"

"தொடலை. வெங்காயம், பூண்டு, மிளகு, நாலு இறால், சோறு. அவ்வளவுதான்."

லர்லின் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டாள் என்றுதான் எனக்கும் பட்டது.

"மூணு கரண்டி. நாலாவது கரண்டி வாய்க்குப் போச்சுன்னா கையை ஒடிச்சிடுவேன்."

"எந்தக் கையை?"

"சின்ன வீட்டை இல்ல, வலது கையை."

அவரைக் கொட்டகைக்குக் கூட்டிவந்து, ஒக்டாவி பக்கத்திலேயே உட்காரவைத்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. அல்சீட் கரண்டியை எடுத்துக் கண்ணை மூடி வாயில் வைத்தார்.

கண் திறந்தது.

"அக்கா."

"சொல்லுடா ராசா."

"படகு பேட்டரியைக் கழுவி ஊத்தினியா?"

கொட்டகை முழுக்க "அல்சீட்!" என்று ஒரே குரல். நோலனின் மனைவி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஒக்டாவி கவுன் ஓரத்தால் கண்ணைத் துடைத்தார்.

"மூணு வருஷம் கழிச்சு... கூரையில்லாத வீட்டுல குடை பிடிச்சுக்கிட்டு வறுத்தேன்டா..."

"குடைக்கம்பியும் உள்ள விழுந்துடுச்சா? துருப்பிடிச்ச ஆணியை நக்கின மாதிரி இருக்கு."

"யோவ், மரியாதைக்கு இன்னும் ஒரு வாய் தின்னு" என்று லர்லின் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

மரியாதைக்கு இன்னொரு கரண்டி போனது. அதை விழுங்க அவர் பட்ட பாட்டைப் பார்த்துக் குழந்தைகள் சிரித்தன. பிறகு கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டார்.

"முடியலை. மரியாதை தொண்டைக்குள்ள இறங்க மாட்டேங்குது."

"உப்புப் போட்டா, உப்புக்கரிக்குதுன்னு சொல்வே. போடலைன்னா ஆணிங்கறே!" ஒக்டாவி எழுந்துவிட்டார். "உனக்கு உப்பு ஆகாதுன்னுதானே, கடை கடையா ஏறி இறங்கி, உப்பில்லாத உப்பா பாத்து வாங்கினேன்? ருசிக்காகன்னு மூணு ஸ்பூன் போட்டேனே! சாதா உப்பைவிட விலை எவ்வளவு தெரியுமா?"

"எது? உப்பில்லாத எது?" என்றாள் லர்லின்.

"உப்புடி. உப்பில்லாத உப்பு."

"அப்படின்னா என்ன மதினி?"

"பாரேன். நீயே பாரு. நான் பொய் சொல்றேன்னுதானே நினைக்கிறீங்க எல்லாரும்?"

ஒக்டாவி கவுன் பையிலிருந்து ஒரு தூவு டப்பாவை எடுத்து மேஜைமேல் அடித்து வைத்தார். பெரிய எழுத்தில் 'சோடியம் இல்லை' என்றிருந்தது. பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம், சிரித்த முகத்தோடு. கண்ணாடி என்னிடம்தான் இருந்தது. டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன்.

"பொட்டாசியம் குளோரைடு" என்றேன்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லை, லர்லின். அது மட்டும்தான்."

லர்லின் கிண்ணத்தை எடுத்து எட்ட வைத்தாள்.

"அப்படின்னா நல்லதா கெட்டதா?" என்றார் ஒக்டாவி.

"நோலன்! வண்டியை எடு!" என்று லர்லின் போட்ட சத்தத்தில் வாத்துக்கறி கிளறிக்கொண்டிருந்தவன் கரண்டியைப் பானைக்குள்ளேயே விட்டுவிட்டான்.

அவள் வீட்டுக்குள் ஓடி நீலப் பெட்டியோடு வந்தாள். பொடியைச் சின்னக் குவளைத் தண்ணீரில் கலக்கி அவர் வாயருகே வைத்தாள். "குடி."

குடித்தார். உதட்டைத் துடைத்தார். "இது அக்கா கம்போவைவிட எவ்வளவோ மேல்."

நோலனின் வண்டி இறால் ஏற்றுகிற உயரச் சக்கர வண்டி. முன்னால் நோலன், நடுவில் அல்சீட், ஓரத்தில் லர்லின். பின்னால் வலைக்குவியல்மேல் நானும் ஒக்டாவியும். ஒக்டாவியை ஏற்ற வேண்டாம் என்று லர்லின் சொன்னாள். அவர் கேட்கவில்லை. வழியெல்லாம் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, "சிரிச்ச இதயம் போட்டிருக்கானே... சிரிச்ச இதயம் போட்டிருக்கானே..." என்று ஜெபமாலை உருட்டினார். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் இருந்த கண்ணாடி புயலில் போயிருந்ததால் உள்ளே பேசியது எல்லாம் எங்களுக்குக் கேட்டது.

ஃபோன் கோபுரங்கள் சாய்ந்து கிடந்தன. பெரிய பாலத்தின் உச்சியில்தான் சிக்னல் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே ஏற்கெனவே பத்துப் பேர் வண்டியை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மோனெட்டும் வடக்கு நிலையத்துக்குத்தான் போயிருந்தாள். அங்கேயே தூங்கி அங்கேயே வேலை. அவளே எடுத்தாள்.

"எவ்வளவு தின்னார்?"

"ரெண்டு கரண்டி."

"முழுக் கிண்ணம் இல்லையே? ஏன் நிறுத்தினார்?"

"நல்லாயில்லைன்னுட்டார்."

"வாய்விட்டா?"

"ஊர் முன்னாடி. அக்கா அழுதாங்க."

"மாதாவே உனக்கு ஸ்தோத்திரம்" என்றாள் மோனெட். "பொடி குடுத்தாச்சா? நல்லது. நாளைக்குன்னு இருக்க வேணாம், இப்பவே கொண்டு வாங்க. நெஞ்சு படபடன்னாலோ, கால் துவண்டாலோ, மயக்கம் வந்தாலோ என்கிட்ட வரக் காத்திருக்காதீங்க. கண்ணுல படற முதல் ஆம்புலன்ஸை மறிச்சு, டயாலிசிஸ், பொட்டாசியம்னு ரெண்டு வார்த்தை கத்துங்க. அந்த டப்பாவையும் எடுத்துக்கிட்டு வாங்க."

பாலம் இறங்கினோம்.

"லர்லின்" என்றார் அல்சீட். "கால் மரத்துப் போகுது."

"ஐயோ! பொட்டாசியமா?"

"இல்ல. நீ கால் மேல உட்கார்ந்திருக்கே."

அவள் அவர் தொடையில் ஒரு அடி வைத்தாள். பிறகு விலகி உட்கார்ந்தாள். கரும்புத் தோட்டங்கள் தாண்டும்வரை அவர் பேசிக்கொண்டே வந்தார். கம்பத்தைப் பற்றி, கவர்னரைப் பற்றி, நோலன் கியர் மாற்றுகிற லட்சணத்தைப் பற்றி. அப்புறம் பேச்சு நின்றது.

அந்த மனுஷன் தூக்கத்தில்கூடப் பேசுகிறவர்.

"யோவ்" என்றாள் லர்லின். "என்னய்யா பண்ணுது?"

அவர் கன்னத்தைத் தட்டினாள்.

"ஏதாவது பேசுய்யா. என்னைத் திட்டு. எங்கம்மாவைத் திட்டு, இன்னைக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"கை காலெல்லாம் தண்ணியா இருக்கு" என்றார். குரல் மெதுவாக இருந்தது. "லர்லின், படகை மட்டும் நோலனுக்குக் குடுத்துடாதே. அவனுக்கு ஒரு முடிச்சுப் போடத் தெரியாது."

"நான் இங்கேதான் இருக்கேன், பெரியவரே" என்றான் நோலன்.

"தெரியும். உன்கிட்டதான் சொல்றேன்."

நோலன் வண்டியை மிதித்தான். அடுத்த திருப்பத்தில் ராணுவத்தார் சாலையை மறித்திருந்தார்கள். பக்கத்தில் ஆம்புலன்ஸ். லர்லின் வண்டி நிற்குமுன்பே இறங்கி, சொல்லிக்கொடுத்த இரண்டு வார்த்தையையும் கத்தினாள். மீசை முளைக்காத ஒரு சிப்பாய் ஓடிவந்து, கதவைத் திறந்து, கைக்கு அகப்பட்ட கையில் பிரஷர் பட்டையைச் சுற்றப் போனான்.

"அந்தக் கையில வேணாம்!" முன்னால் லர்லின், பின்னால் நான், ஒக்டாவி, ஓரத்தில் நோலன். நான்கு தொண்டை ஒன்றாக.

அவன் கையை உதறிக்கொண்டு பின்னால் பாய்ந்தான்.

"பயப்படாதே தம்பி" என்றார் அல்சீட், கண்ணை மூடியபடி. "அது என் சின்ன வீடு. அடுத்தவன் தொட்டா இவளுங்களுக்கே பொறுக்காது."

ஆம்புலன்ஸில் அவரை ஏற்றி, நெஞ்சில் ஒயர் ஒட்டிக்கொண்டு முன்னால் போனார்கள். நாங்கள் பின்னால் விரட்டிக்கொண்டு போனோம்.

மோனெட் வாசலிலேயே நின்றாள். டப்பாவை ஒக்டாவி கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். ஒயர் காட்டிய கோடுகளைப் பார்த்தாள், ரத்தம் எடுத்தாள். உள்ளே எல்லா நாற்காலியிலும் ஆள். வெளியே வரிசை. அடுத்த முறை, மூன்று பாயூ தள்ளி இருக்கிற ஊரிலிருந்து வந்த பருமனான ஒரு அம்மாளுக்கு. அந்த அம்மாள் எழுந்து வழிவிட்டாள்.

"அந்த ஆளை முதல்ல போடு. நான் என் டப்பாப் பேரிக்காயை ஒழுங்கா தின்னுட்டுத்தான் வந்திருக்கேன். இன்னும் கொஞ்சம் தாங்குவேன்."

ஊசி ஏறியது. மெஷின் சுற்ற ஆரம்பித்தது. லர்லின் பக்கத்தில் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு அசைந்தது. மாதாவைத் திட்டினாளா, கும்பிட்டாளா என்று தெரியவில்லை.

சாயங்கால வெயில் ஜன்னலில் சாய்ந்தபோது மோனெட் வந்தாள்.

"நல்லா ஏறியிருந்தது. இப்போ இறங்கிக்கிட்டு வருது. இதயம் ஒழுங்கா ஓடுது. மிஸ்டர் அல்சீட், இத்தனை வருஷ சர்வீஸ்ல மரியாதை இல்லாததால பிழைச்ச முதல் ஆளு நீங்கதான். நல்ல மனுஷன்னா கிண்ணத்தை வழிச்சுத் தின்னுட்டு, 'அருமை அக்கா'ன்னு சொல்லி, கொட்டகையிலேயே சாய்ஞ்சிருப்பான்."

அல்சீட் மெல்லக் கண் திறந்தார். "கேட்டியா லர்லின்? முப்பத்தெட்டு வருஷமா மேஜைக்கடில என் காலை மிதிச்சியே."

"மிதிச்சதாலதான் ரெண்டாவது கரண்டி போச்சு" என்றாள் லர்லின். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்ததும் நீலப் பெட்டியைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தானே தின்றாள்.

சுவரோரம் நின்றிருந்த ஒக்டாவி மெதுவாக நாற்காலியருகே வந்தார். ஒரே நாளில் ஒரு சாண் குறைந்திருந்தார்.

"தம்பி. நான் உன்னைக் கொல்லப் பாத்தேனேடா."

"விடு அக்கா. அஞ்சு வயசுல பாயூவுல தள்ளிவிட்டியே, அப்பவே முடியலை."

"அது நீயா விழுந்தது. சரி, ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த உப்பாலதான் அப்படி இருந்தது? என் கைப்பக்குவம் போகலையே? சொல்லுடா."

எல்லோரும் அவரைப் பார்த்தோம். ஒரு பொய். ஒரே ஒரு சின்னப் பொய். பக்கத்து நாற்காலிக்காரர்கூடத் தலையைத் திருப்பி, சொல்லிவிடு என்பது போலக் கண்ணைக் காட்டினார். லர்லினின் கால், பழக்கத்தில், அவர் காலைத் தேடிப் போய்ப் பாதியில் நின்றுவிட்டது.

அல்சீட் யோசித்தார்.

"உப்பு இல்லாட்டியும் சுமார்தான் அக்கா. மாவை அவசரப்பட்டு இறக்கிட்டே."

ஒக்டாவியின் முதுகு நிமிர்ந்தது. குறைந்த சாண் திரும்பி வந்தது. கை ஓங்கியது.

"அந்தக் கையில வேணாம்!" நாங்கள், மோனெட், வரிசையில் இருந்த மூன்று ஊர்க்காரர்கள், ஊசி குத்தியபடி படுத்திருந்த அத்தனை பேரும்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. ஒக்டாவி கையை இறக்காமல், குழாய்களைத் தாண்டி, மெஷினைச் சுற்றி, நாற்காலியின் மறுபக்கத்துக்கு நடந்து போனார். அங்கே நிதானமாக நின்று, வலது தோளில் பளீரென்று ஒன்று வைத்தார்.

அல்சீட் தோளைத் தேய்த்துக்கொண்டார்.

"ஆங். இது உறைக்குது" என்றார். "இதுல பாதி அந்தக் கம்போவுல இருந்திருக்கலாம்."